அப்பாவுக்காக வாங்கிப் போட்ட கருவிகள்: இரண்டு வருடம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

கதவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாமே அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 வருடம் ஃபிட்டராக இருந்தவர். 2006-ல் ஓய்வு பெற்றார். 2021-ல் அவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஓரளவு சமாளித்தோம். 2023 மார்ச் மாதம் ஒரு நாள், விடிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலி டிபன் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் எழுந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. தெருத் தெருவாகத் தேடிவிட்டு, கடைசியில் ஆர்மரி கேட் பக்கம் போனேன். அங்கே ஒரு டீக்கடைக்காரர் அப்பாவை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். "சங்கு இன்னும் ஊதல பாப்பா, கேட்டை மூடி வச்சிருக்கானுங்க" என்றார் அப்பா. வழியில் லெவல் கிராசிங் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அன்றையிலிருந்து இந்த இரண்டு வருடத்தில் கருவி கருவியாக வாங்கினோம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி இணையத்தில் தேடித் தேடி அனுப்புவான், நான் இங்கே மாட்டிப் பார்ப்பேன். பொன்மலைப்பட்டியில் வீட்டின் முன்னறையிலேயே எனக்குத் தையல் கடை. ரவிக்கை தைக்க வருகிறவர்களில் நாலைந்து பேர் தங்கள் வீட்டிலும் இதே கதை என்று சொல்லி, என்ன வாங்கலாம் என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. ஒரே பொருள் பத்துப் பெயரில் விற்கிறது, ஆறு மாதத்தில் அந்தப் பெயரும் மாறிவிடுகிறது. எந்த வகை என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: இது அப்பாவிடம் எதையாவது எதிர்பார்க்கிறதா? பட்டனை அமுக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும், நேற்றுச் சொன்னதை நினைவு வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பொருள் எங்கள் வீட்டில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவர் பாட்டுக்கு அவர் இருக்க, எனக்கு மட்டும் தகவல் சொல்லும் பொருள்கள் நின்றன.

வாசல் மணி

கதவு சென்சார் என்பது இரண்டு சின்னத் துண்டுகள். பேட்டரி உள்ள துண்டு கதவு நிலையில் ஒட்டிக்கொள்ளும், காந்தத் துண்டு கதவில். இரண்டும் விலகினால் மணி அடிக்கும். வேறு வித்தை எதுவும் கிடையாது. ஆனால் மூன்று தடவை வாங்கிய பிறகுதான் சரியானது அமைந்தது.

முதலில் வாங்கியது வைஃபையில் ஓடுவது. கதவு திறந்தால் என் செல்போனுக்குச் செய்தி வரும். விடிகாலையில் செல்போன் சைலன்டில் கிடக்கிறது, நான் அசந்து தூங்குகிறேன், எனக்கு எப்படித் தெரியும்? கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும், சென்சார் ஊமையாகிவிடும். இரண்டாவதில் வைஃபை கிடையாது, மணியை நேரே சுவர் பிளக்கில் சொருகவேண்டும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. மூன்றாவதாக வாங்கியதில் மணிக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. விலை 1,150 ரூபாய். இணையம் வேண்டாம், ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். இரண்டு வருடமாக ஓடுகிறது. பேட்டரியை மட்டும் ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

மணியை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். முதலில் கூடத்தில் வைத்தேன். கதவைத் தொட்டதும் தலைக்கு மேல் கணகணவென்று அடிக்க, அப்பா மிரண்டு போய் நடுங்கிக்கொண்டு நின்றார். தான் ஏதோ திருடப் போய் மாட்டிக்கொண்ட மாதிரி முகம். அதைப் பார்த்த அன்றே கழற்றி என் படுக்கையறைக்குள் வைத்துவிட்டேன். பகலில் கடைக்குக் கொண்டுபோய் மிஷின் பக்கத்தில் வைக்கிறேன். மிஷின் ஓடும் சத்தத்தில் மணி கேட்காது, அதனால் மணியோடு பளிச் பளிச்சென்று விளக்கும் எரியும் வகையாகப் பார்த்து வாங்கினேன். கடை, பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வெளியே பூட்டுப் போட்டுவிட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்டார்கள். ஒரு வாரம் பூட்டிப் பார்த்தோம். அப்பா கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. "வேலைக்குப் போகாட்டி சம்பளத்தைப் பிடிச்சுக்குவான்" என்று அழுதார். தீ கீ பிடித்தால் அந்தக் கதவே எமன் ஆகிவிடும் என்ற பயம் வேறு. மணி அப்படி அவரைத் தடுக்கவில்லை, எழுந்து வா என்று என்னைக் கூப்பிடுகிறது. நான் போய் அவர் பக்கத்தில் நின்று, "சங்கு ஊத இன்னும் நேரம் இருக்குப்பா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் ஷிஃப்ட் மறந்துவிடும். மறக்காத நாளில் நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே தெருமுனை வரை நடந்துவிட்டு வருவேன்.

தம்பி ஒருமுறை ஹாலந்தில் இருக்கும் ஹோகவெய்க் என்ற இடத்தைப் பற்றிச் சொன்னான். வீஸ்ப் என்ற ஊரில் 2009-ல் திறந்தது. மறதி நோய் உள்ளவர்களுக்காகவே கட்டிய சின்னக் கிராமம். வெளியே போக வர ஒரே வாசல், அதை ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே தெரு, கடை, தோட்டம் என்று யார் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். நமக்கு அதற்கெல்லாம் வழியில்லை. ஆனால் கொல்லைப்புறம் இருக்கிறதே என்று தோன்றியது. அங்கே கிடந்த செங்கல், தகரம் எல்லாவற்றையும் அகற்றி, தரையைச் சமப்படுத்தி, மதிலைச் சுற்றி வர ஒரு நடைபாதை போட்டோம். பின்கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கும். முருங்கை மரத்தைச் சுற்றி அப்பா ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நடக்கிறார். அந்தப் பாதை வந்த பிறகு பகலில் வாசல் மணி அடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. கொத்தனார் கூலி 6,000 ஆனது. இத்தனைக் கருவிகளிலும் எனக்கு மிகவும் திருப்தி தந்த செலவு எது என்றால், கருவியே இல்லாத இதைத்தான் சொல்வேன்.

ராத்திரி விளக்கு

ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்கு, ஒன்று 380 ரூபாய். கட்டில் ஓரம், நடை, கழிவறை வாசல் என்று மூன்று இடத்தில் ஒட்டினோம். தயங்காமல் வாங்கலாம். அதற்கு முன் ராத்திரியில் எழுந்து வழி தெரியாமல் பீரோ ஓரத்திலேயே சிறுநீர் போய்விடுவார். காலையில் அதைப் பார்த்துக் கூனிக்குறுகிப் போவார். விளக்கு வந்த முதல் மாதமே அது அநேகமாக நின்றுவிட்டது. கழிவறைக் கதவையும் ராத்திரியில் திறந்தே வைத்து, உள்ளே பீங்கான் தெரிகிற மாதிரி செய்ததும் ஒரு காரணம். கதவு மூடியிருந்தால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிவதில்லை.

வாங்கும்போது மஞ்சள் வெளிச்சமாகப் பாருங்கள். முதலில் வந்தது வெள்ளை. பளீரென்று அடித்ததும் பகல் ஆகிவிட்டது என்று சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். உயரத்தில் ஒட்டினால் அவர் நிழலே அவர் முன்னால் நீளமாக விழுகிறது, அதைப் பார்த்து நின்றுவிடுகிறார். முழங்காலுக்குக் கீழே ஒட்டினால் தரை மட்டும் தெரியும். தரை என்றதும் ஞாபகம் வருகிறது: கழிவறை வாசலில் கறுப்பு மிதியடி போட்டிருந்தோம். அவர் கண்ணுக்கு அது பள்ளம். தாண்டப் போய் இரண்டு முறை தடுமாறினார். தரை நிறத்திலேயே ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது.

திருச்சிக்காரர்களுக்காக ஒரு விஷயம். இந்த விளக்கு மனித உடம்பின் சூட்டைப் பார்த்துத்தான் எரிகிறது. சுற்றியிருக்கும் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைக் கண்டுபிடிக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் ராத்திரியிலும் சுவர் அனலாகக் கொதிக்கும். அறைச் சூடும் உடம்புச் சூடும் நெருங்கிவிட்டால் அதற்கு ஆள் தெரியாது. போன மே மாதம் கிட்டப் போனால்தான் எரிந்தது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். மழை பெய்து குளிர்ந்ததும் தானாகச் சரியானது. இப்போது சித்திரை, வைகாசியில் நடையில் ஒரு சாதாரண ஜீரோ வாட் பல்பை விடிய விடிய எரியவிடுகிறேன்.

அடுப்பு

இதில் பணம் கொஞ்சம் வீணானது. எரிவாயுவைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிடுகிறார் என்று இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். பாத்திரத்தை எடுத்தால் தானாக அணையும், பாதுகாப்பானது, எல்லாம் உண்மைதான். ஆனால் அப்பாவுக்கு அது அடுப்பே இல்லை. நெருப்பு தெரியாத கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, அதன் மேல் லைட்டரை வைத்துச் சொடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல நினைவோடு இருக்கும் காலத்திலேயே பழகியிருந்தால் ஒருவேளை பயன்பட்டிருக்கும். நோய் வந்த பிறகு புதிதாகப் பழக்குவது என்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் சிலிண்டரைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றி, சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுகிறோம். அடுப்புக் குமிழை அவர் திருகினாலும் ஒன்றும் வராது. கூடவே எரிவாயுக் கசிவு அலாரம் ஒன்று, 1,400 ரூபாய். மாட்ட வந்த பையன் அதைக் கூரை ஓரத்தில் மாட்டப் போனான். நல்லவேளை, நான் பெட்டியில் வந்த தாளைப் படித்திருந்தேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். எரிவாயுவுக்கு வாசனை கிடையாது, கசிந்தால் தெரியவேண்டும் என்று அந்த நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அல்சைமரில் மோப்ப சக்தி ரொம்ப முன்னாலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. அப்பாவுக்குச் சாம்பார் தீய்ந்த வாசனைகூடத் தெரியாமல் போனதை நாங்கள் 2019-லேயே பார்த்திருக்கிறோம். அப்போது அது என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை.

எங்கே போனார் என்று தெரிய

முதலில் ஜிபிஎஸ் வாட்ச். பணி ஓய்வின்போது கூட வேலை பார்த்தவர்கள் போட்ட எச்எம்டி வாட்ச் ஒன்று அப்பா கையில் இருக்கிறது. ஓடுகிறதோ இல்லையோ, அதை அவர் கழற்ற மாட்டார். இன்னொரு கையில் கட்டினால், "இது யாருதோ, குடுத்துடு" என்று என்னிடமே கழற்றிக் கொடுப்பார். நாலு நாள் போராடிவிட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக். இதைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள், நானும் நினைத்தேன். அதற்குத் தானாக இடம் தெரியாது. பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய செல்போன் அதைப் பார்த்துச் சொன்னால்தான் நமக்குத் தகவல் வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தொலைந்த பைக்கு அது சரி. விடிகாலை நாலு மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத ரயில்வே காலனித் தெருவில் யார் செல்போன் இருக்கப் போகிறது?

இப்போது இருப்பது சிம் போடும் சின்ன ஜிபிஎஸ் பெட்டி, தீப்பெட்டி அளவு. 3,500 ரூபாய், அதோடு மாதாமாதம் ரீசார்ஜ். அதைச் சட்டைப்பையில் போட்டால் எடுத்து வைத்துவிடுகிறார். கழுத்தில் மாட்டினால் கழற்றிவிடுகிறார். கடைசியில் என் தொழில் கைகொடுத்தது. அவருடைய ஐந்து சட்டைகளிலும் இடது பக்கம், அக்குளுக்கு நாலு விரல் கீழே, பக்கத் தையலை ஒட்டி உள்ளே ஒரு பை தைத்தேன். அந்த இடத்தில் கை இயல்பாகப் போகாது, உட்கார்ந்தாலும் படுத்தாலும் உறுத்தாது. பெட்டி உள்ளே இருப்பது அவருக்குத் தெரிவதே இல்லை. கூடவே என் பெயரும் செல் எண்ணும் எழுதி லேமினேட் செய்த ஒரு அட்டை. அதற்குச் சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

பெட்டியில் குறை உண்டு. மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடவேண்டும். வீட்டுக்குள் இருக்கும்போது பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் காட்டுகிறது. மலிவான பெட்டிகள் சில 2ஜி-யில் மட்டும் ஓடுபவை, அதில் 2ஜி சேவை இல்லாத கம்பெனி சிம்மைப் போட்டால் உயிரே வராது. எந்த சிம் எடுக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இதுவரை இரண்டு தடவை அவரைத் தேட இது உதவியது. ஒருமுறை கடைக்கு வந்தவர் திறந்து வைத்த கதவு வழியாக, மறுபடி மணி அடிக்காமலே போயிருந்தார். எட்டு நிமிடத்தில் பிடித்துவிட்டேன்.

மாத்திரைப் பெட்டி, கடிகாரம்

வேளை வந்தால் கூவி, அந்த வேளை மாத்திரையை மட்டும் திறந்து காட்டும் பூட்டுப் பெட்டி, 4,800 ரூபாய். ஆரம்ப நிலையில் தனியாக இருப்பவர்களுக்கு நல்ல பொருளாக இருக்கலாம். எங்களுக்குச் சரிப்படவில்லை. அது கூவியதும் ஏதோ பழுது என்று நினைத்து, ஒரு மேஜைக் கத்தியை வைத்தே மூடியை அழகாகக் கழற்றி, நாலு ஸ்க்ரூவையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். மகள் பெயர் மறந்த மனுஷனின் கைக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும் என்பது மறக்கவில்லை. அந்த நாலு ஸ்க்ரூவைப் பார்த்து நான் அன்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒரு மரப்பலகையில் பெரிய நட்டும் போல்ட்டும் பொருத்தி அவருக்குக் கொடுத்திருக்கிறோம். மத்தியானம் ஒரு மணி நேரம் அதில் போகும். மாத்திரையை நானே கொடுத்துவிடுகிறேன்.

தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது அப்பாவின் வழக்கம். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தாள் கிழிக்க ஆரம்பித்து, மே மாதத்திலேயே எங்கள் வீட்டில் ஆவணி வந்துவிட்டது. அதனால் கிழமையும் வேளையும் பெரிய எழுத்தில் காட்டும் கடிகாரம் தேடினேன். ஆங்கிலத்தில் கிடைத்தது, தமிழில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. 2023-ல் வந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்கிற மறதி நோயோடு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. இத்தனை வீடுகள் இருந்தும் "இன்று செவ்வாய்க்கிழமை" என்று தமிழில் சொல்ல ஒரு கடிகாரம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே கோபம் இருக்கிறது. கடைசியில் என் மகள்தான் பழைய டேப்லெட்டில் ஒன்று செய்து கொடுத்தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பகலில் கிழமையும் வேளையும் மட்டும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் "இப்போது ராத்திரி. எல்லாரும் தூங்குகிறார்கள்" என்று வரும். மூன்றரை மணிக்கு எழுந்தவர் சில நாள் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். எல்லா நாளும் இல்லை. சில நாள் என்றாலும் எனக்கு அது தூக்கம்.

சாயங்கால நேரம்

மறதி நோய் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் இறங்கும் நேரம் அவர்களுக்கு ஒரு தவிப்பு வரும். வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அறை இருட்டி, நிழல் நீளும்போது அது கூடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அதனால் இருட்டு வருவதற்கு முன்பே வெளிச்சம் வர வேண்டும். தம்பி இரண்டு ஸ்மார்ட் பல்ப் அனுப்பினான், ஐந்து மணிக்குத் தானாக எரியும்படி வைத்தோம். அப்பாவோ அறையை விட்டு வரும்போதெல்லாம் சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டு வருவார். கரண்டை மிச்சம் பிடித்தே வளர்ந்த கை. ஸ்விட்ச் அணைந்தால் ஸ்மார்ட் பல்ப் வெறும் கண்ணாடி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஸ்விட்ச் பெட்டிக்குள்ளேயே 900 ரூபாய்க்கு ஒரு டைமர் வைத்து, அந்த விளக்கைச் சுவர் ஸ்விட்சிலிருந்து பிரித்துவிட்டோம். சாதாரண எல்இடி பல்புதான். நன்றாக வேலை செய்கிறது.

பேசினால் பாடும் ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கிறது. அப்பா பேசுவது அதற்குப் புரியாது. அது பதில் பேசினால் இவருக்குப் பயம். அதனால் யாரும் அதோடு பேசுவதில்லை. சாயங்காலம் ஐந்தே காலுக்குத் தானாக நாதஸ்வரம் வாசிக்கும்படி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒலி மெல்ல இருக்க வேண்டும். வாசலில் நாற்காலி, எதிரே வெளிச்சம், நாதஸ்வரம், கையில் காப்பி. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஏழு மணி வரை இருப்பார். "வீட்டுக்குப் போகணும்" முற்றிலும் நின்றுவிடவில்லை. அதைச் சொல்லும் குரலில் இருந்த அழுகை நின்றிருக்கிறது.

கேமரா

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். தம்பி 2,400 ரூபாய்க்கு வாங்கி அனுப்பினான், அப்பாவின் அறையில் அலமாரி மேல் வைத்தோம். அதில் அங்கிருந்தே பேசவும் முடியும். ஒரு நாள் ராத்திரி அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவன் ஆசையாக, "அப்பா, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டிருக்கிறான். மகன் குரல் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆள் இல்லை, குரல் மட்டும் சுவரிலிருந்து வருகிறது. நான் சத்தம் கேட்டு ஓடியபோது அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். "பையன் உள்ளே மாட்டிக்கிட்டான் பாப்பா, ஸ்பேனரை எடு, ஸ்பேனரை எடு." கை நகத்தில் ரத்தம். அன்று விடியும் வரை அவர் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. தம்பி அங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பேசவும் முடியாமல், அணைக்கவும் மனம் வராமல்.

மறுநாள் கழற்றினோம். ஒரு மாதம் பெட்டியிலேயே கிடந்தது. பிறகு நானும் அவனும் பேசி முடிவெடுத்தோம். கேமரா கூடத்தில் மட்டும், வாசல் கதவைப் பார்த்தபடி. பேசும் வசதி அணைத்தே இருக்கும். படுக்கையறையிலும் கழிவறைப் பக்கமும் எந்த நாளும் வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு துடைத்துச் சட்டை மாற்றும் நேரத்தை அவர் பெற்ற பிள்ளைகூடப் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னேன், அவனும் ஒப்புக்கொண்டான். பகலில் உதவிக்கு வரும் பெண்ணிடமும் கேமரா இருப்பதைச் சொல்லி, எது தெரியும், எது தெரியாது என்று என் செல்போனில் காட்டினேன். சாப்பிடும் நேரத்தில் அணைத்துவிடுங்கள் என்று கேட்டார். அணைத்துவிடுகிறேன். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள், இதைச் செய்யாத வீடுகள் நிறைய.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2021-ல் அப்பாவுக்குத் தெளிவு இருந்தது. செய்தித்தாள் படிப்பார், பென்ஷன் கணக்குப் பார்ப்பார். அப்போதே உட்கார வைத்து, "பின்னால் இப்படி ஒரு நிலை வந்தால் கேமரா வைக்கலாமாப்பா? சட்டையில் பெட்டி வைக்கலாமா? வேண்டாமா?" என்று கேட்டிருக்கலாம். நோயைப் பற்றி அவரிடம் பேசுவதே பாவம் என்று நாங்கள் எல்லாரும் மூடி மூடிப் பேசினோம். அவருக்காக நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் வீட்டில் இன்னும் அந்தத் தெளிவு இருந்தால், கருவி வாங்குவதற்கு முன்னால் அந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்தால் யாரிடம் போகலாம் என்றாவது வழி சொல்வார்கள்.

முதன்முதலாக வாங்குபவர் என்றால் என் கணக்கு இது. மூன்று ராத்திரி விளக்கு, பேட்டரி மணி வைத்த கதவு சென்சார், தரையோரம் எரிவாயு அலாரம். நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெளியே நடந்து போகும் பழக்கம் இருந்தால் மட்டும் ஜிபிஎஸ் பெட்டி. மற்றதெல்லாம் உங்கள் வீட்டு ஆளைப் பொறுத்தது.

இப்போது அப்பாவின் நடை குறைந்திருக்கிறது. கதவு மணி வாரத்துக்கு ஒருமுறை அடித்தால் அதிகம். அடுத்ததாகக் கட்டிலில் இருந்து எழுந்தால் எனக்குத் தெரிவிக்கும் பாய் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மெத்தைக்கு அடியில் விரிப்பது, உடம்பின் எடை விலகினால் மணி. வாங்கி ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜிபிஎஸ் பெட்டிக்காகச் சட்டையில் தைத்த அந்த உள்பைக்கு அளவு வேண்டுபவர்களுக்கு: அகலம் மூன்று அங்குலம், ஆழம் நாலு, வாய் மேலே பார்க்காமல் முதுகுப்பக்கம் பார்த்தபடி, மேலே ஒரு சின்ன வெல்க்ரோ. பருத்தித் துணியிலேயே தையுங்கள், பாலியஸ்டர் வேர்த்து அரிக்கும், அரித்தால் அவர்கள் கை அங்கே போய்விடும். பக்கத்தில் இருப்பவர்கள் சட்டையைக் கடைக்கே கொண்டுவந்து கொடுங்கள். இந்தப் பைக்கு நான் கூலி வாங்குவதில்லை.